பதினாலு நிமிட நடை

மைசூரில் ஒரு கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். ப்ளேஸ்மென்ட் செல் என்று பெயர். மாடிப்படிக்குக் கீழே, ஒரு காலத்தில் கேரம் போர்டும் கிழிந்த வாலிபால் வலையும் போட்டு வைத்திருந்த அறை. இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு ரெஸ்யூமே எழுதச் சொல்லித் தருவது, மாதிரி நேர்காணல் நடத்துவது, கம்பெனிகளுக்குப் பட்டியல் அனுப்புவது, வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு ஏற்பாடு செய்வது எல்லாம் என் தலையில். சாப்பாட்டில் குறை வந்தால் அடுத்த வருடம் கம்பெனி வராது என்று எங்கள் பிரிவின் தலைவர் மனதார நம்பினார். அதனால் பல நாட்கள் பிள்ளைகளின் ஆங்கிலத்தைவிட ஹோளிகை என்கிற போளி சூடாக வந்ததா என்பதுதான் என் கவலையாக இருந்தது.

நான் இங்கேயே பிறந்தவள். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம். இரண்டையும் கலந்தடித்துத்தான் எனக்குப் பேச வரும். ஆனால் அந்த ஆபீஸில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர், கொள்ளேகால் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தமிழ். அந்த வீடுகளோடு பேச வேண்டுமென்றால் போன் என் மேஜைக்கு வந்துவிடும். எனக்கும் அதில் ஒரு பெருமை. “நம்ம ஆளுங்களப் பத்தி எனக்குத் தெரியாதா சார்?” என்று தலைவரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. இதில் குற்றவாளி யார் என்று கடைசிவரை காக்க வைக்கப் போவதில்லை. நான்தான்.

வீடுகளுக்குப் போன் செய்கிற வழக்கம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு வருடம் இரண்டு பெண்களுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. இருவரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள், இனிப்பு கொடுத்தார்கள். சேர வேண்டிய நாளில் இருவருமே போகவில்லை. வீட்டில் விடவில்லை. அந்தக் கம்பெனி எங்களுக்கு ஒரு காட்டமான கடிதம் எழுதிவிட்டு வருவதையே நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து தலைவர் ஒரு நடைமுறை கொண்டுவந்தார். மாணவர் பட்டியலில் ‘வெளியூர் போகச் சம்மதமா’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பிள்ளைகள் ‘ஆம்’ என்று போட்டால் போதாது. வீட்டாரிடம் பேசி நாங்களும் உறுதி செய்ய வேண்டும். வீட்டில் இழுத்தால் ‘ஆம்’ என்பதை ‘இல்லை’ என்று மாற்றிவிடுவோம். பிள்ளைகளிடம் அதைச் சொல்வதில்லை. சொன்னால் அழுவார்கள், சண்டை வரும், நேரம் போகும். தமிழ் வீடுகளைப் பற்றிக் கேட்டபோது தலைவர், “மேடம், நீவே நோட்கொள்ளி” என்று என்னையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

நான் சொல்ல வந்த பெண் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. ஹனூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். அப்பா மக்காச்சோளம் போடுகிற விவசாயி. பேச்சு குறைவு. ஆனால் ஒன்றைச் செய்யச் சொன்னால் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள். ஓசூரில் மருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனி, பரிசோதனைக் கூடத்துக்குப் பயிற்சியாளர்களை எடுக்க வருவதாக இருந்தது. கெமிஸ்ட்ரி படித்த பிள்ளைகளுக்கு எங்கள் கல்லூரியில் இப்படி ஒரு வாய்ப்பு வருவதே அபூர்வம். மற்ற கம்பெனிகள் எல்லாம் கெமிஸ்ட்ரியை மறந்துவிட்டுக் கடன் அட்டை விற்கச் சொல்லும். படித்த படிப்புக்கான வேலை என்றால் அவளுக்கு அது ஒன்றுதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் கம்பெனி ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேசி வீடியோ அனுப்பச் சொல்லியிருந்தது. அவளுடையதை நான்தான் என் போனில் எடுத்தேன். ஜன்னலோரம் நிற்க வைத்து, பதினோரு முறை. ஒரு முறை கேண்டீன் மிக்ஸி ஓடியது, ஒரு முறை யாரோ கதவைத் திறந்தார்கள், மற்ற முறைகளெல்லாம் அவளுக்கு வாய் குழறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொந்து சாரி மேம்” என்று, இன்னொரு தடவை எடுக்கச் சொல்லித் திரும்ப நின்றாள். பதினோராவது முறை அருமையாக வந்தது. சோதனைக் குடுவையில் ஒரே ஒரு சொட்டு விழுந்ததும் நிறமில்லாத தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுமே, அந்த ஒரு நொடிக்காகக் காத்து நிற்பது தனக்குப் பிடிக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்லி முடித்திருந்தாள். வீடியோவை அவளுக்கும் அனுப்பினேன். நாங்கள் இருவரும் கேண்டீனில் டீ குடித்தோம். அன்று எனக்கு அவள்மேல் இருந்த பிரியம் பொய்யில்லை.

அவள் வீட்டுக்கு நான்கு நாட்கள் போன் செய்தும் லைன் கிடைக்கவில்லை. பட்டியல் அனுப்ப வேண்டிய புதன்கிழமை மத்தியானம், அவள் அப்பாவே வந்து நின்றார். மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்க மைசூர் வந்தவர், மகள் சொல்லியிருந்ததால் இங்கேயும் எட்டிப் பார்த்திருக்கிறார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொன்னேன், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மோட்டார் சாமானை மடியில் வைத்துக்கொண்டார்.

“ஏனுங்க மேடம், அந்த ஓசூரு எவ்வளவு தூரமுங்க?” என்று ஆரம்பித்தார்.

சொன்னேன்.

“நேர் பஸ்சு இருக்குதுங்களா, பெங்களூருல எறங்கி மாறோணுங்களா?”

“மாறணும்.”

“தங்கறதுக்குங்க?”

“லேடீஸ் ஹாஸ்டல் இருக்கும். கம்பெனி பக்கத்துலயே.”

“பக்கத்துலன்னா நடக்கற தூரமுங்களா? இருட்டறதுக்குள்ள புள்ள ரூமுக்கு வந்துருமா?”

எனக்குத் தெரியவில்லை. “இருக்கும்” என்றேன்.

“கூட நம்ம பக்கத்துப் புள்ளைங்க யாராச்சும் போறாங்களா?”

“இன்னும் செலக்ஷனே ஆகலையே.”

தலையை ஆட்டினார். பிறகு கம்பெனி இருக்கும் இடத்தையும் ஹாஸ்டல் இருக்கும் தெருவையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “ரெண்டு நாள்ல நானே போன் பண்றேனுங்க” என்று சொல்லிவிட்டு, மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

இங்கே என் கதை கொஞ்சம் வந்தாக வேண்டும். சாக்குச் சொல்வதற்காக இல்லை. என் இருபத்திரண்டாவது வயதில் எனக்குப் பெங்களூரில் ஒரு வேலை கிடைத்தது. என் அப்பா என்னைக் கூடத்தில் உட்கார வைத்து இதே கேள்விகளைத்தான் கேட்டார். பஸ் எத்தனை மணிக்கு, யாரோடு தங்குவாய், நடக்கிற தூரமா, கூட யார் வருகிறார்கள். நான் மூச்சுவிடாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னதும் அடுத்த கேள்வி வந்தது. கடைசியில், “அதெல்லாம் சரிப்பட்டு வராதும்மா” என்று எழுந்து கைகால் கழுவப் போய்விட்டார். அவர் ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அந்தக் கோபம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

அன்று மத்தியானம் ஹனூர்க்காரர் கேட்டபோது என் காதில் விழுந்தது என் அப்பாவின் குரல். இவர் விடமாட்டார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். தாளை எடுத்துப் போய் மாமனிடம் காட்டுவார், சித்தப்பனிடம் காட்டுவார், எல்லோருமாகச் சேர்ந்து வேண்டாம் என்பார்கள். நம்ம ஆளுங்களைப் பற்றித்தான் எனக்குத் தெரியுமே.

ஐந்து மணிக்குப் பட்டியல் போக வேண்டும். கம்ப்யூட்டரில் அவள் பெயருக்கு நேரே இருந்த ‘ஆம்’ என்பதை அழித்து ‘இல்லை’ என்று போட்டேன். ஃபில்டர் போட்டதும் அவள் வரி மறைந்தது. மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி, நடுவில் ஒருத்தி இருந்ததற்கான அடையாளமே இல்லை. பட்டியலையும் மீதிப் பேர்களின் வீடியோக்களையும் அனுப்பிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியில் பூ வாங்கியதுகூட நினைவிருக்கிறது. மனசில் ஒரு உறுத்தலும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. பஸ் இரைச்சலுக்கு நடுவில் அவள் அப்பா கத்திப் பேசினார்.

“மேடம், நானுங்க, ஹனூர்லருந்து. ஓசூரு போயிப் பாத்துப்போட்டுத் திரும்பிட்டிருக்கேனுங்க. நீங்க எழுதிக் குடுத்த சீட்ட வச்சுக் கேட்டுக் கேட்டே போயிட்டேன். ஹாஸ்டல் அம்மாகிட்டப் பேசிட்டேன், நல்ல மாதிரியா இருக்கறாங்க. அங்கிருந்து கம்பெனி கேட்டு வரைக்கும் நடந்து பாத்தேனுங்க. பதினாலு நிமிசம். எம்பட நடைக்கு. புள்ள இன்னும் வெரசாப் போயிரும். வழியெல்லாம் கடைங்க, லைட்டு இருக்குது. நாம்பளே போயிப் பாக்காம எப்படிங்க சரீன்னு சொல்றது? இப்பச் சொல்றேன், புள்ள போகட்டுமுங்க.”

 என் அப்பா வேண்டாம் என்று சொல்வதற்காகக் கேட்ட கேள்விகளை, இந்த மனிதர் பதில் வேண்டித்தான் கேட்டிருக்கிறார். நான் ‘இருக்கும்’ என்று வாய்க்கு வந்ததைச் சொன்னதால், தானே போய் நடந்து பார்த்து வந்திருக்கிறார். “சரிங்க, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அப்போதும் ஒன்றும் கெட்டுப் போய்விடவில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். கம்பெனி வருவதற்கு நடுவில் மூன்று நாட்கள் இருந்தன. ஒரு பெயர் விட்டுப்போயிற்று, தவறு எங்களுடையது என்று ஒரு மெயில் போட்டிருந்தால் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். மெயில் எழுதினேன். நான்கு வரி. அதில் தலைவரையும் சேர்க்க வேண்டியிருந்தது. வீட்டாரிடம் பேசி உறுதி செய்தீர்களா என்று அவர் கேட்பார். அப்பா நேரில் வந்தார், அவர் மறுக்கவில்லை, நானாக மாற்றிவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். நம்ம ஆளுங்களைத் தெரிந்தவள் என்று நான் கட்டி வைத்திருந்த பெயர் என்னாவது? அரைமணி நேரம் அந்த நான்கு வரிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அழித்தேன். பயம்தான். வேறு பெயர் வைக்க மாட்டேன்.

திங்கட்கிழமை கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். எங்கள் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஹாஸ்டலில் நல்ல கறுப்புக் கோட்டு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். நேர்காணலுக்கு உள்ளே போகிறவள் போட்டுக்கொள்வாள், வெளியே வந்ததும் அடுத்தவளுக்குக் கழற்றிக் கொடுப்பாள். அன்று கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தவள் அவள்தான். கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, நேர்காணல் பட்டியல் ஒட்டியிருந்த நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் நின்றாள். மேலிருந்து கீழே படித்தாள். மறுபடியும் மேலிருந்து படித்தாள். பக்கத்தில் நின்றவளிடம் கோட்டைக் கொடுத்து, கையை நுழைக்க உதவி செய்து, காலரையும் சரிசெய்துவிட்டு என் அறைக்கு வந்தாள்.

“மேம், என் பேரு இல்ல.”

அப்போது நான் சொன்னதை எழுதவே கூசுகிறது. சொல்லும்போது வாய் கூசவில்லை. “வீடியோ பாத்தாங்கம்மா. இங்கிலீஷ் கொஞ்சம் போறாதுன்னு சொல்லிட்டாங்க. நீ மனச விட்றாத.”

அவள் அழவில்லை. “ஹௌதா மேம்?” என்று மட்டும் கேட்டாள். அப்படியா என்று. நான் தலையை ஆட்டினேன். அன்று மத்தியானம் வந்தவர்களுக்கு ஹோளிகை சூடாகவே இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகு அந்த வருடம் இன்னும் மூன்று கம்பெனிகள் வந்தன. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் பேசும் தேர்வு இருந்தது. மூன்றுக்கும் அவள் தன் பெயரைக் கொடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. வராந்தாவில் என்னைப் பார்த்தால் எப்போதும்போல வணக்கம் வைப்பாள். நான் கையில் இருக்கிற காகிதத்தைப் படிப்பதுபோல நடந்துவிடுவேன்.

இரண்டு வருடம் போயிற்று. போன மழைக்காலத்தில் ஒரு நாள் பட்டச் சான்றிதழ் வாங்க அவள் கல்லூரிக்கு வந்தாள். சான்றிதழை வாங்கிக்கொண்டு நேராகப் போயிருக்கலாம். என் அறைக்கு வந்தாள். இங்கேயே மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் பில் போடுகிற வேலையாம். சாயங்காலம் அக்ரஹாரத்துப் பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறாளாம். இரண்டாவது வருடம்.

“ரெண்டு வருஷமாவா?” என்றேன்.

“எனக்கு அதுதானே மேம் கொறை” என்றாள். பிறகு தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். “உங்கள ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். கிளாஸ் மிஸ்கிட்ட இந்த வீடியோவக் காமிச்சேன். அவங்க நாலு தரம் பாத்தாங்க. எல்லாம் சரியாத்தான இருக்குன்னாங்க. அவங்களுக்குத் தெரியல. நீங்க அந்தக் கம்பெனிக்காரங்ககிட்டப் பேசினவங்க, உங்களுக்குத் தெரியும். எது தப்புன்னு சொல்லுங்க, திருத்திக்கறேன்.”

வீடியோவை ஓடவிட்டாள். என் அறை ஜன்னல், அவள் முகம், பதினோராவது முறை. ஒரே ஒரு சொட்டில் நிறம் மாறும் அந்த நொடி என்று அவள் சிரித்தபோது, படத்துக்கு வெளியே யாரோ சந்தோஷமாக “சூப்பர்” என்று சொல்வது கேட்டது. என் குரல். அது வீடியோவில் இருக்கிறது என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

எனக்குத் தாங்கவில்லை. “அதுல ஒரு தப்பும் இல்லம்மா” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்பா வந்தது, கேள்விகள் கேட்டது, நான் ‘இல்லை’ என்று மாற்றியது, வெள்ளிக்கிழமை போன், எழுதி அழித்த மெயில். என் அப்பாவைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. நிறுத்திக்கொண்டேன்.

அவள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் தேவலை என்றும் நினைத்தேன்.

“அப்ப அவங்க இத பாக்கவே இல்லியா மேம்?”

“இல்ல.”

“எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு யாருமே சொல்லலியா?”

“நான்தான் சொன்னேன்.”

அவள் போனில் ஒரு எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். “அப்பாகிட்டயும் சொல்லுங்க” என்றாள். மணி அடித்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. அவர் எடுத்தார். பின்னால் டிராக்டர் சத்தம். மகளிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன், இன்னும் சுருக்கமாக. ‘உங்க பொண்ணு பேர நானே எடுத்துட்டேங்க’ என்று சொன்ன இடத்தில் என் குரல் உடைந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள் என்றேன்.

டிராக்டர் சத்தம் நின்றது. அவர் அதை அணைத்திருக்க வேண்டும்.

“அழுவாதீங்க மேடம்” என்றார். “எம்பட தப்புதானுங்க. அன்னிக்கே உங்ககிட்டச் சரீன்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டு, அப்பறமா நான் ஓசூரு போயிருக்கோணும். பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்துட்டேன். நான் சொல்லாம உங்களுக்கு எப்படிங்க தெரியும்? என்னாலதான் உங்களுக்கும் சங்கடம்.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டு வருடமாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததை ஒருவர் தானாக வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்கிறார். ‘அப்படியெல்லாம் இல்லீங்க’ என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் போனை எடுத்து, “அப்புறம் பேசறேம்பா” என்று அணைத்தாள்.

சான்றிதழ் உறையைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“எங்கப்பா அப்படித்தான் மேம் சொல்லுவாரு. நீங்க அத ஒத்துக்காதீங்க.”

ஒத்துக்கொள்ளவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.